1971 டாப்ஸ் நோலன் ரையன், எண் 513: சரியான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுவரவு_74

டாப்ஸ் நிறுவனத்தின் 1971 பேஸ்பால் கார்டு செட்டில் உள்ள ஆட்டக்காரர் நோலன் ரையன், எண் 513. விற்பவரிடம் இரண்டு இருக்கு. ஒன்று பி.எஸ்.ஏ 6 ஸ்லாப், அதாவது பி.எஸ்.ஏ என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் 10-க்கு 6 என்று கிரேடு கொடுத்து பிளாஸ்டிக் உறையில் அடைத்தது. இன்னொன்று கிரேடு செய்யாத ரா கார்டு, 'நியர் மின்ட்' (பி.எஸ்.ஏ கணக்கில் 7) என்று எழுதி வைத்திருக்கிறார். அச்சடித்த விலைப்பட்டியல் ஒரு தொகை சொல்லுது. ஈபேயில் பார்த்தால் அதில் பாதிக்கும் இருக்கு, மூன்று மடங்குக்கும் இருக்கு. எதை வைத்துப் பேரம் பேசுவது? ரா கார்டை 7 என்று எண்ணி விலை கொடுக்கலாமா?

கடைசிவிலை

பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். 1984-ல் பெக்கெட் என்ற விலைப்பட்டியல் மாத இதழ் வந்த காலத்தில் விலை தெரிய வேறு வழி கிடையாது, கடைக்காரரும் வாடிக்கையாளரும் அதைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். இன்று அது கார்டு எண்ணையும் அச்சு வகைகளையும் சரிபார்க்க உதவும், அவ்வளவுதான்.

ஈபேயில் நீங்கள் பார்த்த பாதி விலையும் மூன்று மடங்கு விலையும் அநேகமாகக் 'கேட்கும்' விலைகள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். 'விற்றவை' வடிகட்டியைப் போடுங்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. விலையின் மேல் குறுக்குக் கோடு இருந்தால், விற்றவர் அதைவிடக் குறைவான தொகைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கோட்டுக்கு அடியில் தெரிவது கைமாறிய தொகை அல்ல. உண்மையில் எவ்வளவுக்கு முடிந்தது என்பதை 130 பாயிண்ட் தளத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். ஈபே சுமார் 90 நாள் விற்பனையைத்தான் காட்டும். அதற்கு முந்தையது வேண்டுமானால் விண்டேஜ் கார்டு பிரைசஸ், கார்டு லேடர், பி.எஸ்.ஏ-வின் ஏல விலைப் பக்கம் மூன்றில் ஒன்றுக்குப் போங்கள்.

குறைந்தது ஐந்து விற்பனையாவது எடுங்கள். எல்லாம் பி.எஸ்.ஏ 6 ஆகவே இருக்க வேண்டும். கீழே சொல்பவை கண்ணில் பட்டால் தூக்கி எறியுங்கள்:

- கனடாவின் ஓ-பீ-சீ பதிப்பு. முன்புறம் ஒன்றுபோலவே இருக்கும், பின்புறம் மஞ்சள். அது வேறு சந்தை.
- கிரேடு எண்ணுக்குப் பக்கத்தில் ஓ.சி (படம் நடுவில் இல்லை), எம்.கே (எழுதிய குறி), எஸ்.டி (கறை) என்று எழுத்து ஒட்டியவை.
- வேறு நிறுவன ஸ்லாபுகள். பெக்கெட்டின் பழைய கார்டுகளுக்கான பி.வி.ஜி 6-ஐ பி.எஸ்.ஏ 6 விலையோடு சேர்க்காதீர்கள்.
- லேபிளில் உள்ள ஒரே சான்று எண் இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை விற்றதாகக் காட்டினால் முதல் விற்பனை. வாங்கியவர் பணம் கட்டாமல் போயிருக்கலாம், அல்லது ஆள் வைத்து விலை ஏற்றியிருக்கலாம்.

மிஞ்சியவற்றை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். சராசரி வேண்டாம். ஒரே ஒரு கிறுக்கு ஏலம் சராசரியைக் கெடுத்துவிடும். பிறகு ஒவ்வொரு படத்தையும் திறந்து, உங்கள் கார்டு நடுவில் உள்ளதைவிட அழகா மோசமா என்று பாருங்கள். பல பேர் செய்யாமல் விடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

லூப்பத்து

ரா கார்டு பற்றி நான் சொல்றேன். 1971 டாப்ஸ்னாலே கறுப்பு பார்டர். கறுப்பு மை ஓரம் வரைக்கும் ஓடுது, அட்டையோட உள்பக்கம் வெளிர் நிறம். வெட்டும்போதே கத்தி மையைப் பெயர்த்துடும். அப்புறம் அஞ்சு பேர் கை பட்டா மூலையில வெள்ளை வெள்ளையா தெரிய ஆரம்பிச்சுடும். வெள்ளை பார்டர் கார்டுல கண்ணுக்கே தெரியாத தேய்மானம் இதுல பத்தடி தூரத்துலயே தெரியும். அதனாலதான் இந்த செட்ல 8, 9 எல்லாம் அவ்வளவு விலை. அதனாலதான் கறுப்பு மார்க்கர் எடுத்து மூலையில தடவுற ஆளுங்களும் இந்த செட்டையே தேடி வர்றாங்க.

கண்டுபிடிக்கிறது எப்படின்னா, 10 மடங்கு பெரிசா காட்டற லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி), நல்ல டெஸ்க் லாம்ப். கார்டை முகத்துக்கு நேரா பிடிக்காதீங்க. ஓரத்தை, அதாவது அட்டையோட தடிமன் தெரியற பக்கத்தை, பாருங்க. தொழிற்சாலையில அடிச்ச கறுப்பு மேல்பரப்புல மட்டும் மெல்லிசா ஒரு படலமா நிக்கும். பக்கவாட்டுல அட்டை வெளுப்பாவோ பழுப்பாவோ தெரியணும். மார்க்கர் மை அப்படி நிக்காது, நாருக்குள்ள இறங்கிடும். பக்கவாட்டுல கறுப்பு கசிஞ்சு, காபியில நனைச்ச சர்க்கரைக் கட்டி மாதிரி மேலிருந்து கீழே நிறம் மங்கிக்கிட்டே போகும். நாலு ஓரத்தையும் முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்க.

அடுத்தது மினுமினுப்பு. விளக்கு வெளிச்சம் கார்டு மேல சறுக்கற மாதிரி சாய்ச்சுப் பிடிங்க. தடவின இடம் மட்டும் மட்டா இருக்கும், இல்லேன்னா ஊதா சாயல்ல பளபளக்கும். புற ஊதா டார்ச் இருந்தா இன்னும் நல்லது, பல மார்க்கர் மை அச்சு மையிலேர்ந்து வேற நிறமா தெரியும்.

அப்படியே சாய்ச்சு வச்சு சுருக்கமும் பாருங்க. தலைமுடி மாதிரி ஒரு கோடு, ஒரு பக்கம் மட்டும் இருக்கும், நேரா பார்த்தா தெரியவே தெரியாது. கூர்மையான நாலு மூலை உள்ள கார்டை 7-லேர்ந்து 4-க்குத் தள்ள அது ஒண்ணே போதும். விற்கிறவர் போட்ட ஸ்கேன்ல அது வரவே வராது. ஸ்கேனர் விளக்கு நேரா அடிக்குதில்ல.

மூலைக்கூர்

மேலே சொன்னதோடு அளவையும் சேருங்கள். 1957 முதல் டாப்ஸின் வழக்கமான அளவு 2.5 × 3.5 அங்குலம், அதாவது 63.5 × 88.9 மி.மீ. டிஜிட்டல் காலிப்பரால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அகலம் எடுங்கள். உயரமும் அப்படியே. பிளாஸ்டிக் தாடை உள்ள காலிப்பர் நல்லது, இரும்புத் தாடை ஓரத்தைக் கடித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அரை மி.மீ குறைந்தால் வெட்டப்பட்டது என்று குதிக்காதீர்கள், அன்றைய ஆலை வெட்டே அவ்வளவு ஏறி இறங்கும். சரியான அளவு இருந்தால் வெட்டப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆலையிலிருந்தே சற்றுப் பெரிதாக வந்த கார்டை ஓரம் சீவினால் சரியான அளவில் வந்து நிற்கும். அதனால் அதே செட்டின் பத்து மலிவான கார்டுகளோடு அடுக்கித் தட்டிப் பாருங்கள். ஓரம் மற்றவற்றைவிட வழவழப்பாக, கத்தி போட்ட பளபளப்போடு இருந்தாலோ, நடுவில் லேசாக உள்வாங்கி முனையில் கொக்கி போல நீண்டாலோ விலகி நில்லுங்கள்.

கிரேடுக்கு அனுப்பினால் என்1 என்று திரும்பினால் ஓரம் வெட்டியது, என்3 என்றால் நிறம் தீட்டியது, என்6 என்றால் குறைந்தபட்ச அளவு இல்லை. மூன்றிலும் எண் கிரேடு கிடைக்காது. தபால் செலவு போனது போனதுதான்.

புதுவரவு_74

நன்றி. சென்டரிங், அதாவது படம் கார்டின் நடுவில் அமைவது, எவ்வளவு முக்கியம்? 6 ஸ்லாபில் இடது பார்டர் கொஞ்சம் தடிமனாகத் தெரியுது. ஓ.சி என்று எதுவும் லேபிளில் இல்லை.

மூலைக்கூர்

அளந்து பாருங்கள். இடது பார்டர் 3.3 மி.மீ, வலது 2.2 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 5.5. 3.3-ஐ 5.5-ஆல் வகுத்தால் 0.6. அப்படியானால் 60/40. மேல் கீழுக்கும் இதே கணக்கு, இரண்டில் மோசமானதுதான் கார்டின் சென்டரிங்.

பி.எஸ்.ஏ-வில் முன்பக்கத்துக்கு 9 கிடைக்க 60/40, 8-க்கு 65/35, 7-க்கு 70/30 வரை இடம் தருவார்கள். 10-க்கு இப்போது 55/45 கேட்கிறார்கள். ஆகவே 60/40 உள்ள 6 என்பது சென்டரிங்கில் 9-க்கு உரிய கார்டு, மூலைகளால் 6-க்கு இறங்கியது. அதே 6-ல் 80/20 உள்ளதும் இருக்கும். லேபிள் இரண்டுக்கும் ஒன்றே. விலை ஒன்றாக இருக்காது, இருக்கவும் கூடாது.

ஓ.சி லேபிள் உள்ளதைப் பொதுவாக இரண்டு கிரேடு குறைத்து மதிப்பார்கள். 8 ஓ.சி என்றால் 6-க்குப் பக்கத்தில் பேச்சு தொடங்கும்.

பழுப்புக்கட்டு

இரண்டு கிரேடு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தக் குறை என்பதைப் பொறுத்தது அது. எம்.கே என்றால் எழுதிய குறி. செட்டில் உள்ளவற்றைப் பட்டியலிடும் செக்லிஸ்ட் கார்டில் பின்பக்கம் பென்சில் டிக் இருப்பதற்கும், நட்சத்திர ஆட்டக்காரரின் முகத்தில் பால்பாயிண்ட் கோடு இருப்பதற்கும் ஒரே தள்ளுபடியா? முகத்தில் கோடு உள்ளதை எனக்கு நான்கு கிரேடு இறக்கிக் கொடுத்தாலும் வேண்டாம். பின்பக்கக் கறை மட்டும் உள்ள எஸ்.டி கார்டோ சட்டமிட்டு மாட்டுபவருக்குக் கொண்டாட்டம்.

மூலைக்கூர்

சரி, ஓ.சி-க்கு மட்டும் இரண்டு என்று திருத்திக்கொள்கிறேன். எம்.கே, எஸ்.டி இரண்டையும் படத்தைப் பார்க்காமல் விலை சொல்ல முடியாதுதான்.

ஏலக்கணக்கு

விற்ற விலைகளை ஒப்பிடும்போது ஏல நிறுவன விலையையும் ஈபே விலையையும் கண்ணை மூடிக்கொண்டு கலக்கக் கூடாது. ஏல நிறுவனத்தில் சுத்தியல் 1000 டாலரில் விழுந்தால், வாங்குபவர் கூடுதல் கட்டணம் 20 சதவீதம் என்று வைத்தாலும் அவர் கட்டுவது 1200. செய்தியில் வருவதும் 1200. விற்றவருக்குப் பொதுவாக 1000-க்கு மேல் போகாது. ஈபேயில் 1200-க்கு விற்றால் சுமார் 13 சதவீதம் கழிந்து 1040 சொச்சம் கையில் வரும்.

நீங்கள் வாங்குபவர், அதனால் உங்கள் பையிலிருந்து போகும் முழுத் தொகையை ஒப்பிடுங்கள், தபாலையும் சேர்த்து. எதிரில் இருப்பவர் கையில் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதையும் போட்டுப் பாருங்கள். நேரில் பணம் கொடுத்து வாங்கினால் அவருக்கு 13 சதவீதமும் மிச்சம், தபால் தொல்லையும் இல்லை. ஆகவே ஈபே நடுவிலையில் 88 முதல் 90 சதவீதம் வரை சொல்வது அவரை அவமதிப்பது ஆகாது. 60 சதவீதத்தில் ஆரம்பித்தால் பெட்டியை மூடிவிடுவார்.

அடுக்குஎண்

யாரும் பாப் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசவில்லையே? பி.எஸ்.ஏ தளத்திலேயே எந்த கிரேடில் எத்தனை இருக்கு என்று போட்டிருக்கு. குறைவாக இருந்தால் விலை ஏறும். இதைவிட எளிய கணக்கு உண்டா?

கடைசிவிலை

எளிய கணக்கு, அதனால்தான் தவறுகிறது. அந்த எண் சொல்வது உலகில் எத்தனை கார்டு இருக்கிறது என்பதை அல்ல, எத்தனை முறை அந்த கிரேடு கொடுக்கப்பட்டது என்பதை. 8-ல் இருப்பவர் 9 கிடைக்குமா என்று ஸ்லாபை உடைத்து மறுபடி அனுப்புவார். பழைய லேபிளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஒரே கார்டு இரண்டு, மூன்று என்று பதிவாகும். 8-க்கும் 9-க்கும் விலை இடைவெளி பெரிதாக உள்ள கார்டுகளில்தான் இது அதிகம், அதாவது நீங்கள் எண்ணை நம்ப விரும்பும் அதே கார்டுகளில்.

குறைந்த எண்ணிக்கையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, நல்ல நிலையில் கிடைப்பதே அரிது. இன்னொன்று, கார்டு மலிவு, கிரேடு கட்டணத்துக்கே கட்டாது என்று யாரும் அனுப்பவில்லை. இரண்டாவதை 'லோ பாப்' என்று விளம்பரம் செய்து விற்பார்கள்.

லூப்பத்து

செட் ரெஜிஸ்ட்ரியை, அதாவது யாரோட செட் சிறந்ததுன்னு பி.எஸ்.ஏ வரிசைப்படுத்தற பட்டியலை, விட்டுட்டீங்களே. முழு செட்டையும் ஸ்லாப்ல சேர்க்கற ஆளுங்க ரெண்டு பேர் ஒரே சாதாரண ஆட்டக்காரர் கார்டு 9-க்கு மோதினா, நட்சத்திர ஆட்டக்காரர் கார்டு 6-ஓட விலையை அது தாண்டிடும். 752 கார்டு செட், அதுலயும் 644-லேர்ந்து 752 வரைக்கும் கடைசி சீரிஸ், கிடைக்கறது கஷ்டம். ஆனா அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் வாங்கி முடிச்சுட்டா அடுத்த அதே கார்டு பாதி விலைக்குப் போகும். ரெண்டு பேர் மட்டும் மோதின விலையை சந்தை விலைன்னு எடுக்காதீங்க. ஏலம் கேட்டவங்க எத்தனை பேர்னு பக்கத்திலேயே இருக்கும், பாருங்க. ரையன் கார்டுக்கு அந்தக் கவலை இல்ல, ரெஜிஸ்ட்ரிக்கு வெளியேயும் கேட்க ஆள் நிறைய.

அடுக்குஎண்

ஒப்புக்கொண்டேன். ஆனால் அரிதான கார்டு என்றால் விலை ஏறும் என்பதாவது சரிதானே?

பழுப்புக்கட்டு

அதுவும் பாதிதான். 1952 டாப்ஸ் மிக்கி மேண்டில், எண் 311, அச்சுத் தாளில் இரண்டு முறை இடம்பெற்ற கார்டு. அந்தக் கடைசி சீரிஸின் பெரும்பாலான கார்டுகளைவிட அது எண்ணிக்கையில் அதிகம். அவருடைய முதல் கார்டும் அல்ல, அது போமன் நிறுவனத்தின் 1951 கார்டு, எண் 253. ஆனாலும் 2022 ஆகஸ்டில் எஸ்.ஜி.சி என்ற இன்னொரு கிரேடு நிறுவனம் 9.5 கொடுத்த ஒன்று ஹெரிடேஜ் ஏலத்தில் 1.26 கோடி டாலருக்குப் போனது. அந்த சீரிஸில் விற்காமல் கிடந்த பெட்டிகளை 1960-ல் டாப்ஸ் அட்லாண்டிக்கில் கொட்டியது என்ற கதை, அவர் ஆடிய நியூயார்க் யாங்கீஸ் அணியின் பெயர், போருக்குப் பிந்தைய செட்டுகளில் அதற்கு உள்ள இடம், எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தேவை. அந்தக் குறிப்பிட்ட கார்டு எங்கிருந்து வந்தது என்பதும் 1980-களிலிருந்தே தெரியும். அரிது என்பது வரத்து. கேட்க ஆள் இல்லாத வரத்துக்கு விலை இல்லை.

மறுமுனையில் 1989 அப்பர் டெக் கென் கிரிஃபி ஜூனியர், எண் 1. பி.எஸ்.ஏ 10 மட்டுமே 4,000-க்கு மேல். ஆனாலும் நாள்தோறும் விற்கிறது, விலை எவ்வளவு என்று யாரும் சண்டை போட வேண்டியதில்லை. மதிப்பிட ஆகச் சுலபமான கார்டு அதுதான்.

ஏலக்கணக்கு

எவ்வளவு பழைய விற்பனை வரை எடுக்கலாம் என்பதற்கு 1986 ஃபிளீர் மைக்கேல் ஜோர்டன், எண் 57-ஐப் பாருங்கள். 2020-ல் அவரைப் பற்றிய ஆவணத் தொடர் வந்தது, ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். 2021 ஜனவரியில் பி.எஸ்.ஏ 10 ஒன்று 7,38,000 டாலரைத் தொட்டது. 2022-ல் அதே கிரேடு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கார்டு மாறவில்லை, லேபிள் மாறவில்லை. 2021 தொடக்கத்து விலையைக் காட்டி யாராவது பேரம் பேசினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மாதம் நான்கைந்து விற்கும் கார்டுக்கு 90 நாள் போதும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மட்டும் வரும் கார்டுக்கு வேறு வழி: அதே கார்டின் பக்கத்து கிரேடுகள் அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை சதவீதம் நகர்ந்தன என்று பார்த்து, பழைய விலையை அதே அளவு நகர்த்துங்கள். தோராயம்தான், ஆனால் வெறும் ஊகத்தைவிட மேல்.

அடுக்குஎண்

ஸ்லாபுக்குள் இருந்தால் வெட்டியதா தீட்டியதா என்ற கவலை இல்லை, அப்படித்தானே?

பழுப்புக்கட்டு

டி206 என்ற பழைய சிகரெட் கார்டு செட்டின் ஹோனஸ் வாக்னர் கார்டைக் கேளுங்கள். 1991-ல் பி.எஸ்.ஏ கிரேடு செய்த முதல் கார்டு, கிடைத்தது 8. அதை விற்ற பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை வெட்டியது தான்தான் என்று 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். லேபிள் ஒரு கருத்து, நல்ல கருத்து, அவ்வளவுதான். ஸ்லாபுக்குள் உள்ள கார்டையும் பாருங்கள். ஓரம் உறையின் உள்தாங்கியைத் தொடாமல் ஒரு பக்கம் மட்டும் இடைவெளி அதிகமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

போருக்கு முந்தைய கார்டு வாங்குபவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை: புற ஊதா ஒளியில் அட்டை நீல வெண்மையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் மறுபதிப்பு. காகித வெண்மைக்கான ரசாயனம் அந்தக் காலத்து அட்டையில் கிடையாது.

கடைசிவிலை

முதல் கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. ரா கார்டை 7 என்று எண்ணி விலை கொடுக்கலாமா? கூடாது. காரணம் கணக்கில் இருக்கிறது. எண்கள் கற்பனை, முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்.ஏ 6 விலை 100 என்று வையுங்கள். 7 என்றால் 180, 5 என்றால் 70, 'ஆல்டர்டு' (வெட்டியது, தீட்டியது போல மாற்றப்பட்டது) என்று வந்தால் 30. 'நியர் மின்ட்' என்று விற்பவர் சொல்லும் பத்து ரா கார்டில் இரண்டு 7, நான்கு 6, மூன்று 5, ஒன்று ஆல்டர்டு என்று வரும் என எதிர்பார்த்தால்:

36 + 40 + 21 + 3 = 100.

கிரேடு கட்டணம், போக வர தபால், காப்பீடு எல்லாம் 25. பிறகு விற்றால் 13 போகும். மிச்சம் 62. ஆக, 7 என்று சொல்லப்படும் ரா கார்டுக்கு நீங்கள் தரக்கூடிய உச்ச விலை 6 ஸ்லாபின் விலையில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. கையில் வாங்கி லூப்பில் பார்த்து 'ஆல்டர்டு' வாய்ப்பை நீக்க முடிந்தால் கொஞ்சம் ஏறலாம். படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் 62-க்கும் கீழே.

'அது நிச்சயம் 7' என்று விற்பவர் சொன்னால் ஒரே கேள்வி: பிறகு ஏன் இதுவரை அனுப்பவில்லை?

புதுவரவு_74

இரண்டையும் நேரில் பார்த்தாச்சு. ரா கார்டு: அகலம் மேலே 63.4, நடுவில் 63.3, கீழே 63.4. உயரம் 88.8. சென்டரிங் 60/40. முகத்தில் பார்த்தால் மூலை நான்கும் கறுப்பு, கூர்மை. பக்கவாட்டில் லூப் வைத்தால் வலது ஓரத்தின் கீழ்ப் பகுதியில் சுமார் 6 மி.மீ நீளத்துக்குக் கறுப்பு உள்ளே இறங்கியிருக்கு. மற்ற மூன்று ஓரமும் வெளுப்பு. ஸ்லாப்: மூலையில் வெள்ளை தெரியுது, சென்டரிங் 58/42, பின்பக்கம் சுத்தம்.

லூப்பத்து

அளவு சரியா இருக்கு, ஆனா அதை மட்டும் வச்சு வெட்டலன்னு சொல்ல முடியாது. எப்படியும் அந்த 6 மி.மீ மார்க்கர்தான். அசல் தேய்மானமா இருந்தா மூலையில வெள்ளை தெரியணும், உள்ளே கறுப்பு இறங்கக் கூடாது. அனுப்பினா என்3. ரா-வை விடுங்க. ஆல்பத்துல வைக்கணும்னா மட்டும், நிறம் தீட்டினதுன்னு தெரிஞ்சே, அந்த விலைக்கு. அவருக்கும் காட்டிடுங்க, தெரியாம வாங்கி வச்சிருக்கலாம்.

ஏலக்கணக்கு

ஸ்லாபுக்கு 58/42 என்பது 6-ல் மேல்வரிசை. நடுவிலை கொடுக்கலாம், அவசரமானால் 5 சதவீதம் கூடுதலும் தப்பில்லை. பேச்சை மட்டும் 90-ல் ஆரம்பியுங்கள்.

கடைசிவிலை

பணம் கொடுக்கும் முன் சான்று எண்ணை பி.எஸ்.ஏ தளத்தில் போட்டு வரும் விவரத்தோடு லேபிளை ஒப்பிடுங்கள்: ஆண்டு, எண் 513, பெயர், கிரேடு நான்கும் ஒத்துப்போக வேண்டும். அங்கே படம் இருந்தால் மூலையில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான எண்ணை எடுத்துப் போலி லேபிளில் அடிப்பவர்கள் உண்டு. ஸ்லாபின் இரண்டு பக்க விளிம்பையும் விரலால் தடவுங்கள். பிளந்து பசை போட்டு ஒட்டியிருந்தால் சொரசொரப்பு தட்டும், வெண்பனி போல மங்கலும் தெரியும்.